ஒரே மேஜையில் ஐந்து சான்சூசிகள்

அன்றைக்குக் கனடாவில், டொரண்டோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில், அந்தச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்கார அம்மா ஜினெத் சான்சூசி. அவருடைய தம்பி ரெயால் சான்சூசி. ரெயாலின் மகன் எதியென் சான்சூசி. என் மகள் ஆக்னஸ் சான்சூசி. அப்புறம் நான், சவரிராயன் சான்சூசி. மிச்சம் இரண்டு பேர், என் மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் குணம் அண்ணனும் வசந்தா அக்காவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஐந்து சான்சூசிகளுக்கு நடுவில் அவர்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். எதியெனின் அம்மா நர்ஸ், அன்று டூட்டி. என் மனைவி லூர்து பாண்டிச்சேரியில் முட்டி ஆபரேஷன் முடிந்து கட்டிலில். வராவிட்டாலும் அவள்தான் அந்த மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு வார்த்தையையும் அவளுக்குப் பயந்துதான் பேசினேன்.

இதை எழுதச் சொன்னதும் மகள்தான். "எழுதி வைங்கப்பா, மறந்துடுவீங்க" என்றாள். நான் எதையும் மறப்பதில்லை. மறக்க முடிந்தால் இந்த ரத்தக்கொதிப்பு மாத்திரை எதற்கு?

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பெயர் இருப்பது பெரிய விஷயமில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது, எங்கள் சாதி வழக்கமெல்லாம் வேண்டாம், உங்கள் சட்டமே போதும் என்று ஆபீசில் போய் எழுதிக் கொடுத்தவர்கள் புதுசாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு அவன் கிளம்பும்போது, பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கிறாயா என்று கேட்டான். இருக்கிறேன் என்றவர்களின் பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள். என் தாத்தா யோசித்துக்கொண்டே இருந்தார், கெடு முடிந்துவிட்டது. கவலைப்படுவது எங்களுக்குப் பரம்பரை. பென்ஷன் போச்சு, பாஸ்போர்ட் போச்சு, பெயர் மட்டும் நின்றது.

அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் 'கவலை இல்லாதவன்' என்று அர்த்தமாம். நான் பாண்டிச்சேரியில் டெம்போ ஓட்டுகிறவன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். பிரேக் பிடிக்குமா, போலீஸ் பிடிப்பானா, வீட்டில் கேஸை மூடினேனா என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு டிரிப்பும் அடிப்பேன். இந்தப் பெயரை எனக்கு வைத்தது யார் என்று ஜனங்கள் கேட்காமல் இருப்பது, அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாததால்தான்.

ஆக்னஸ் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள், இப்போது டொரண்டோவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே இன்னொரு சான்சூசி இருந்தான், அவன்தான் எதியென். இவளுக்கு வரும் மெயில் அவனுக்குப் போகும், அவனுக்கு வருவது இவளுக்கு வரும். திருப்பி அனுப்பி, திருப்பி அனுப்பி, கடைசியில் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. பையன் கனடாக்காரன், பிரெஞ்சு பேசும் குடும்பம், கோயிலுக்குப் போகிறவர்கள். எல்லாம் சரி. ஆனால் பெயர்?

"ஒரே பேர்னா ஒரே ரத்தம். பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை" என்றார் லூர்துவின் அண்ணன் அந்தோணி. அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் முப்பாட்டனுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சு ஆபீசர் இருந்தார், அவர் வழியில் வந்த பெயர் என்றுதான் எங்கள் வீட்டில் வெளியே சொல்லிக்கொள்வது. என் கல்யாணத்தின்போதே பெண் வீட்டாருக்கு அதைத்தான் சொன்னார்கள். லூர்து சொல்லிவிட்டாள்: "நீங்க போய் நேர்ல விசாரிங்க. ஒரு சொட்டு ரத்தம் ஒண்ணா இருந்தாலும் எனக்குச் சம்மதம் இல்ல. பையனோட காதை நல்லா பாருங்க. உங்க வீட்டுக் காது ஒளியாது."

ஆபீசர் கதை பொய் என்பது எனக்குத் தெரியும். அப்பா எனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "இது எவன் காதுலயும் விழக் கூடாது" என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் என் மகளின் கல்யாணம் நடக்கும். சொன்னால் எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாக மூடி வைத்தது திறந்துவிடும். விமானத்தில் என் பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம் குறட்டை விட்டார். நான் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை வந்து இறங்கினேன். ஏப்ரல் மாதம். மரங்களில் ஒரு இலை இல்லை. எல்லாம் பட்டுப்போய்விட்டன, இந்த ஊரில் ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டோரத்தில் கறுப்பாகக் குவிந்திருந்தது கரி இல்லை, பழைய பனி என்று ஆக்னஸ் சொன்னாள்.

மகள் இருப்பது ஸ்காபரோவில், குணம் அண்ணன் வீட்டின் பேஸ்மென்ட். பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்கு அடியில் வீடு. ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். அதில் பார்த்தால் அணிலின் வயிறு தெரிகிறது. மழை வந்தால் தண்ணீர் உள்ளே வருமா என்று கேட்டேன். "அப்பா, இப்பதான் வந்திருக்கீங்க" என்றாள்.

வசந்தா அக்கா மேலே கூப்பிட்டு நீலக் கோப்பையில் டீ கொடுத்தார். அவர்கள் அதைத் தேத்தண்ணி என்கிறார்கள். நாம் ரொட்டி என்பதைப் பாண் என்கிறார்கள். குணம் அண்ணன் பெரிய மீசை, நல்ல குரல். முன்னே பிறம்ரன் என்ற பக்கத்து ஊரில் லாரி ஓட்டியவர், இப்போது ஓய்வு. இரண்டு டிரைவர்கள் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சமா? கிளட்ச், டயர் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் சாதாரணமாகக் கேட்டார்:

"நீங்கள் ஊரிலை எந்தப் பகுதி ஆக்கள், அண்ணை?"

"முத்தியால்பேட்டை" என்றேன்.

"ஓ" என்றார். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வசந்தா அக்கா இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் மகள் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள், இவர்களோடுதான் சாப்பிடுகிறாள், காய்ச்சல் என்றால் இவர்கள்தான் ரசம் வைத்துக் கொடுக்கிறார்கள். அப்பா எவன் காதில் விழக் கூடாது என்றாரோ, அது வெள்ளைக்காரன் காது இல்லை. நம்மவர்கள் காதுதான்.

அன்று சாயங்காலமே ஒரு கூத்து. லூர்து கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். கூரையிலிருந்து ஏதோ ஒன்று ஊளையிட ஆரம்பித்தது. பேஸ்மென்டில் ஒன்று, மேலே ஒன்று, மாடியில் ஒன்று, மூன்றும் சேர்ந்து. நெருப்பு என்று நினைத்து லுங்கியோடு தெருவுக்கு ஓடிவிட்டேன். குளிர் காலைக் கடித்தது. திரும்பிப் பார்த்தால் குணம் அண்ணன் ஒரு டவலை எடுத்து, சாமிக்கு விசிறுகிற மாதிரி கூரைக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"உள்ளை வாங்கோ அண்ணை! புகைக்கு அடிக்கிற மணி உது. நாங்களும் கருவாடு பொரிக்கிறனாங்கள்தான். முதல்லை உதின்ரை வாயைக் கட்டிப்போட்டுத்தான் பொரிக்கிறது."

வறுத்ததில் பாதியை மேலே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தனியாக வெளியே போனேன். டவுனில் ஆக்னஸின் ஆபீசுக்குப் போய், அவளோடு திரும்பி வருவதாகத் திட்டம். சப்வேயில் போய் இறங்கி ஸ்ட்ரீட்காரில் ஏற வேண்டும். ரோட்டில் தண்டவாளம் போட்டு ஓடும் வண்டி அது. படம் வரைந்து கொடுத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து ஸ்டாப்புகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் வண்டி நின்றது. மைக்கில் என்னவோ சொன்னார்கள். எல்லோரும் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. என் ஸ்டாப் இன்னும் வரவில்லையே.

டிரைவர் எழுந்து வந்தார். கறுப்பினத்து அம்மா, தலையில் மஞ்சள் தொப்பி. அவர் கையைச் சுழற்றிக் காட்டியதிலிருந்து எனக்குப் புரிந்தது: இந்த வண்டி இனிமேல் போகாது, இங்கேயே திரும்புகிறது, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு. கூட்டம் இல்லையென்றால் நாங்களும் இதைத்தான் செய்வோம். ராஜா தியேட்டர் பக்கம் நிறுத்தி, "வண்டி போவாது, பின்னால வர்றதுல ஏறிக்க" என்போம். ஜனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். அங்கே செய்ததை இங்கே வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கினேன். ஆனால் அந்த அம்மா எங்களை மாதிரி இல்லை. அடுத்த வண்டி வரும் திசையைக் காட்டி, என் மகள் வரைந்த படத்தில் நான் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒருநாளும் எவருக்கும் புள்ளி வைத்துக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை எதியென் வந்தான். உயரமான பையன். குனிந்துதான் பேஸ்மென்டில் நடக்க முடிந்தது. "வணக்கம் மாமா" என்று பாடம் பண்ணி வந்திருந்தான். ஆக்னஸ் சொல்லிக் கொடுத்த முறை. மாமா என்றதும் எனக்குப் பாதி மனசு இறங்கிவிட்டது. வீடியோ போனில் லூர்து.

"காது தெரியலியே. திரும்பச் சொல்லுங்க."

"அம்மா!" என்றாள் ஆக்னஸ்.

"நீ சும்மா இரு. தம்பி, அந்தப் பக்கம்."

பையன் ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டினான். காது பெரிய காதுதான். என் காதும் பெரியதுதான். லூர்து சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னான், ஆக்னஸ் அதைத் தமிழில் சொன்னாள். அவனுடைய அத்தை ஜினெத்துக்குக் குடும்ப வரலாறு என்றால் உயிராம். சான்சூசி என்று பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறதாம். அவர்தான் செயலாளர். வருஷா வருஷம் கோடையில் கூடிச் சாப்பிடுவார்களாம். அத்தை ஒரு பெரிய மரம் வரைந்து வைத்திருக்கிறார். அதில் அந்தக் காலத்துச் சான்சூசி ஒருவன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனான், அப்புறம் தகவலே இல்லை. அவன் கிளையில் எங்களுக்கு ஒரு இலை காலியாக விட்டிருக்கிறார். நாளைக்கு அஜக்ஸில் அவர் வீட்டில் எங்களுக்கும் குணம் அண்ணன் வீட்டாருக்கும் சாப்பாடு; அதற்குப் பிறகு அந்த இலையில் எங்கள் பெயரை எழுதுவார்.

"எத்தனையோ தலைமுறை தள்ளிப்போச்சு, அதனால கல்யாணத்துக்கு ஒண்ணும் இல்லன்னு அவங்க நினைக்கிறாங்கப்பா. ஜாலியா இருக்காங்க" என்றாள் ஆக்னஸ்.

அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இலையில் பெயர் ஏறிவிட்டால் லூர்துவுக்கு எல்லாம் முடிந்தது. பங்காளி என்று படமே போட்டுக் கொடுத்தாகிவிடும்.

சாயங்காலம் குணம் அண்ணனோடு வாசலில் நின்றேன். ஆறு வீட்டுத் தபால்பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவர் பெட்டியில் 'கந்தையா' என்று இருந்தது.

"கந்தையா யாரு அண்ணே?"

"என்ரை அப்பா."

"கூட இருக்காரா?"

"மேலை இருக்கிறார்" என்று வானத்தைக் காட்டினார். "இஞ்சை வந்த புதுசிலை குடும்பப் பேர் என்ன எண்டு கேட்டாங்கள். எங்களுக்கெங்கை குடும்பப் பேர்? அப்பான்ரை பேரைக் குடுத்தன். பிறகு பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலையிருந்து போன், 'மிஸ்ரர் கந்தையா நிக்கிறாரோ' எண்டு. அவர் செத்துக் கனகாலம் எண்டு சொல்லி வைச்சிட்டன். ரெண்டு தரம் சொன்னன். மூண்டாந்தரம் அவங்கள் அனுதாபக் கார்ட் அனுப்பிப்போட்டாங்கள், பிள்ளைக்கு!"

சிரித்தேன். சிரித்து முடிந்ததும் கேட்டேன்: "அண்ணே, ஒரு பேரைப் பத்தின உண்மை, சொன்னா ஒருத்தருக்கு நல்லது, சொன்ன ஆளுக்குத் தலைக்குனிவு. என்ன செய்யலாம்?"

"யாருக்கு நல்லது?"

"பொண்ணுக்கு."

"பிறகென்ன கேள்வி?" என்றார். இன்னதென்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குணம் அண்ணனின் காரில் கிளம்பினோம். நானூற்றியொன்று என்ற ரோடு. ஒரு பக்கத்துக்கே எத்தனை வழி என்று எண்ணத் தொடங்கிப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். வசந்தா அக்கா மடியில் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ், அலுமினியத் தாள் போட்டு மூடியது.

"உதுதான் எங்கட எக்ஸிற்" என்றார் வசந்தா அக்கா.

"தெரியும்" என்று குணம் அண்ணன் சொன்னபோது, பெரிய ரோட்டைவிட்டு இறங்கும் அந்த வழி பின்னால் போய்விட்டது.

"லொறி ஓடின மனிசன்! பிறம்ரன்லை இருந்தெல்லோ பெட்டி ஏத்தினவர்! அஜக்ஸுக்கு வழி தெரியேல்லை!"

"அடுத்ததிலை திரும்பலாம். அண்ணைக்கு ஊர் காட்டுறன்."

ஊர் என்று அவர் காட்டியது வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். விலை மலிவென்று டொரண்டோவில் இருப்பவர்கள் எல்லாம் இங்கே வந்து வாங்குகிறார்களாம். தாமதமாகப் போகிறோமே என்று எனக்கு ஒரே பதற்றம். ஆனால் ஒவ்வொரு நிமிஷத் தாமதமும் உள்ளுக்குள் இனிப்பாகவும் இருந்தது.

ஜினெத் அம்மா குட்டையானவர், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். "போன்ழூர் மதாம்" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதோடு தீர்ந்தது. தம்பி ரெயால் கையை மட்டும் குலுக்கினார். பேச்சு கம்மியான மனிதர்.

சாப்பாடு: பட்டாணி சூப், பன்றி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஒரு பலகாரம், வெல்லப்பாகு மாதிரி ஒரு பாகில் வேகவைத்த பீன்ஸ். பாகு மேப்பிள் மரத்திலிருந்து இறக்கியது. அதைப் பனி மேல் ஊற்றிக் குச்சியால் சுற்றி மிட்டாய் மாதிரி தின்பார்களாம். இந்த வருஷப் பனி எல்லாம் கறுத்துவிட்டது என்று ஜினெத் அம்மா வருத்தப்பட்டார். சூப்பைக் குடித்தேன். நம் பருப்பை யாரோ தாளிக்க மறந்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் மோசமில்லை. வசந்தா அக்காவின் ரோல்ஸை ரெயால் ஒன்று எடுத்தார். அப்புறம் ஒன்று. அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

சுவரில் அந்த மரம். ஒரு கதவளவு உயரம். வேரில் ஒரே ஒரு பெயர், மேலே நூற்றுக்கணக்கில் இலைகள். வலது ஓரம் ஒரு கிளை நீண்டு போய் நுனியில் ஒரு வெற்று இலை, பச்சை வண்ணம் அடித்து. அதன் கீழே சின்னதாக ஒரு கப்பல்கூட வரைந்திருந்தார். எத்தனை ராத்திரி உட்கார்ந்து வரைந்தாரோ. ஜினெத் அம்மா ஒரு பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"உங்க கையால எழுதணுமாம்பா" என்றாள் ஆக்னஸ்.

பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டேன்.

"ஆக்னஸ், நான் சொல்றத அப்படியே சொல்லு. நடுவுல என்னை ஒண்ணும் கேக்காத" என்றேன். குணம் அண்ணன் பக்கம் பார்க்காமல் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா பேரு அருளப்பன். பாண்டிச்சேரியில வெள்ளைக்காரத் தெருவுல ஒரு பங்களா, அதுல வாசல் காவல். வாசலோட சரி, உள்ள போக முடியாது. துரைகூட ஒண்ணும் சொல்லமாட்டாராம். உள்ள சமைக்கிற நம்ம ஆளுங்கதான் விடமாட்டாங்க. தாகம்னு கேட்டா கையை ஏந்தச் சொல்லி, மேலயிருந்து தண்ணி ஊத்துவாங்க."

ஆக்னஸ் சொல்லிக்கொண்டே வந்தவள் இந்த இடத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் இது புதுசு. ஆபீசர் கதையைக் கேட்டு வளர்ந்த பெண். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குரலைச் சரி பண்ணிக்கொண்டு அதையும் பிரெஞ்சில் சொன்னாள்.

"அந்த வீட்டுக் கேட்டுத் தூண்ல அந்த வீட்டோட பேர் செதுக்கியிருக்கும். வருஷம் ஒருதரம் தூணுக்கு வெள்ளையடிச்சு, எழுத்துக்குக் கறுப்பு பூசுறது அவர் வேலை. படிக்கத் தெரியாது. ஆனா ஒவ்வொரு எழுத்தோட வளைவும் கைக்குப் பழக்கம். பேரு பதிய ஆபீசுக்குப் போனார். என்ன பேர் வேணும்னு குமாஸ்தா கேட்டான். வாயால சொல்லல. ஒரு விரலால மேஜை மேல அந்த எழுத்தை வரிசையா வரைஞ்சு காட்டினாராம்."

நானும் மேஜைவிரிப்பின் மேல் விரலை வைத்திருந்தேன்.

"அவரோட பழைய பேரைச் சொன்னா எந்தத் தெரு, எந்த ஜனம்னு ஊருக்கே தெரியும். இந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் எடுத்துக்கிட்டார். எங்களுக்குக் கப்பலும் இல்ல, ஆபீசரும் இல்ல. அந்தத் துரைக்கே அது பேர் இல்ல. அது ஒரு வீட்டோட பேர். அதனால என் பொண்ணும் இந்தப் பையனும் பங்காளி இல்ல."

ஆக்னஸ் சொல்லி முடித்தாள். ஜினெத் அம்மா எழுந்து போய் மரத்தின் முன்னால் நின்றார். கப்பலை விரலால் தொட்டார்.

"அப்படியானால் இவன் எங்கே போனான்?" என்று கேட்டதாக ஆக்னஸ் சொன்னாள். பாவமாக இருந்தது. அத்தனை வேலை வீண். பாண்டிச்சேரிக் கல்லறையில் விசாரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் குனிந்து வேரில் இருந்த அந்த முதல் பெயரைத் தட்டித் தட்டி வேகமாகப் பேசத் தொடங்கினார். ஆக்னஸ் மொழிபெயர்க்கத் திணறினாள்.

அந்த முதல் ஆளுக்கும் சான்சூசி என்பது பெயரே இல்லையாம். பிரான்சிலிருந்து சிப்பாயாக வந்தவன். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தால் கேப்டன் ஒரு பட்டப்பெயர் வைப்பான். ஒருவனுக்குப் பூ என்று, ஒருவனுக்கு நல்ல மனசு என்று. இவன் காவல் நிற்கும்போது தூங்கிவிடுவானாம். "இவன் கவலை இல்லாதவன்" என்று கேப்டன் கேலியாக வைத்தது, பேரன் பேத்தி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் போயே போய்விட்டது.

"எங்கள் ஆளுக்கு வேறொருவன் வைத்தான். உங்கள் ஆள் தானே பார்த்து எடுத்திருக்கிறார். உங்களுடையதுதான் நல்ல பெயர்" என்றார் ஜினெத் அம்மா.

அப்போது ரெயால் பேச வாயைத் திறந்தார். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"இரண்டு பேருமே காவல்காரர்கள். எங்கள் ஆள் தூங்கினான். உங்கள் ஆள் வெள்ளையடித்தார்" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது ரோல்ஸை எடுத்தார்.

முதலில் சிரித்தது எதியென். அப்புறம் எல்லோரும். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குணம் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். வசந்தா அக்காதான் பேசினார்: "சூப் ஆறுது அண்ணை. குடியுங்கோ."

ஜினெத் அம்மா ரப்பர் கொண்டுவந்து பார்த்தார். பச்சை வண்ணம் அழியவில்லை. இருக்கட்டும், கப்பல்காரனுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மரத்துக்கு வெளியே, வேருக்குப் பக்கத்தில் இரண்டு தூண் வைத்த ஒரு கேட்டை வரைந்தார். பேனாவை மறுபடி என் கையில் கொடுத்தார். இந்த முறை வாங்கினேன். கேட்டுக்குக் கீழே 'அருளப்பன்' என்று தமிழில் எழுதினேன். அழுத்தி எழுதியதில் 'ப்' என்பதன் மேல் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

காரில் திரும்பினோம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டை மாற்ற வேண்டி வருமா, மகளுக்கு வேறு வீடு கிடைக்குமா என்று என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. குணம் அண்ணன் இந்த முறை எக்ஸிற்றைச் சரியாகப் பிடித்தார். பிடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட ஊர் வீட்டிலையும் தண்ணி மேலையிருந்துதான் வாத்தவை. வாத்தது என்ரை அம்மா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "வந்த அண்டைக்கு உங்களைக் கேட்ட கேள்வி... அதை விடுங்கோ அண்ணை" என்றார்.

வசந்தா அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அதுவும் ஒரு கவலை. திங்கட்கிழமை காலையில் மேலே கூப்பிட்டார்கள். படியேறும்போதே என் கண் அடுப்படி மேடைக்குப் போய்விட்டது. அதே நீலக் கோப்பை. இன்னொன்று அதே மாதிரி வசந்தா அக்கா கையில். குடித்து முடித்ததும் இரண்டையும் ஒரே தண்ணீரில் போட்டுக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு நெத்திலி கொஞ்சம் தாங்கோ. ஆனா மணியைக் கழட்டிப்போட்டுப் பொரியுங்கோ" என்றார். டீயில் சீனி அதிகம். நான் சொல்லவில்லை.

லூர்துவுக்குப் போன் போட்டு முழுசும் சொன்னேன். ஆபீசர் இல்லை என்பதையும், தண்ணீர் ஊற்றியதையும். அவள் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. முட்டி வலிக்கிறதோ என்று பயந்தேன்.

"அப்போ பங்காளி இல்லியே?"

"இல்ல."

"இத்தனை வருஷம் எங்கண்ணன் அந்த ஆபீசருக்கு மரியாதை குடுத்துத்தான் உங்களக் கைநீட்டிப் பேசாம இருந்தாரு. இனிமே என்ன ஆவப்போறீங்களோ" என்று சிரித்தாள். அப்புறம், "பையனுக்கு எந்தக் கலர்ல பட்டுச் சட்டை எடுக்கிறது? அந்த வெள்ளைத் தோலுக்கு மஞ்சள் எடுக்காது" என்றாள். சம்மதம் வந்துவிட்டது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஜினெத் அம்மா வந்து என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ரத்த சம்பந்தம் வேண்டியதில்லை, பெயர் இருந்தால் போதும் என்று விதியே இருக்கிறதாம். தூங்கிய காவல்காரனை வைத்துச் சங்கம் நடத்துகிறவர்கள் வேறெப்படி விதி வைப்பார்கள்? சந்தா உண்டு. ஆக்னஸ் பர்ஸை எடுத்தாள். ஜினெத் அம்மா அவள் கையைத் தள்ளிவிட்டார். குடும்பத்துக்குப் பெரியவர்தான் தன் கையால் கட்ட வேண்டும், அதுவும் கோடைகாலக் கூட்டத்தில் நேரில் வந்து, எல்லோர் முன்னாலும். கல்யாணத்தையும் அந்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஊருக்கு வந்துவிட்டேன். டெம்போவின் முன் கண்ணாடி மேல் எங்கள் பெயரைப் பெயிண்டரிடம் சொல்லாமல் நானே பிரஷ் பிடித்து எழுதியிருக்கிறேன். இப்போது என் சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கிறது. ஜினெத் அம்மா எழுதிக் கொடுத்தது. தொலைந்துவிடுமோ என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: சவரிராயன் சான்சூசி, பாக்கி இருபத்தைந்து டாலர்.